வரி கட்டுபவனுக்குக் கணக்கு காட்டுங்கள்

அரசு மேல் நம்பிக்கை திரும்ப வேண்டுமென்றால் மக்களுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு விழிப்புணர்வு? சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே வரி பிடித்துவிடுகிறார்கள், பொருள் வாங்கினால் பில்லின் அடியில் இன்னொரு முறை. போன பணம் எங்கே என்பதுதான் தெரியவில்லை.

உகாண்டாவில் 1990களின் முதல் பாதியில், பள்ளிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு கள ஆய்வில் தெரியவந்தது. அப்புறம் என்ன செய்தார்கள்? எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று நாளிதழில் போட்டார்கள், வந்த தொகையைப் பள்ளியிலும் ஒட்டச் சொன்னார்கள். தலைமையாசிரியர் நேரே போய் “என் பங்கு எங்கே” என்று கேட்க முடிந்தது, சில வருடங்களில் பெரும்பகுதிப் பணம் வர ஆரம்பித்தது. (நாளிதழ் மட்டுமே காரணமில்லை என்பவர்களும் உண்டு, சரி, இருக்கட்டும்.)

இங்கே நூற்றுக்கணக்கான பக்கத்தை பிடிஎஃப்பாக ஏற்றிவிட்டு வெளிப்படை என்கிறார்கள். சாலை போட்டால் அந்த இடத்திலேயே ஒரு பலகை வையுங்கள்: எவ்வளவு செலவு, ஒப்பந்ததாரர் யார், எத்தனை வருடம் அவர் பொறுப்பு. தணிக்கை அறிக்கை வருவதற்குள் கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்றுவிடுகிறார்.