வலிக்காத புண்ணைத்தான் சீக்கிரம் காட்ட வேண்டும்

“வாய்ப்புண் எல்லாம் சூடுதான், மணத்தக்காளிக் கீரை போதும், வலிக்காவிட்டால் பயமில்லை” என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அதில் கடைசி வரி ஆபத்தானது. சாதாரணப் புண் சுரீரென்று வலிக்கும். சிவந்த விளிம்பு, நடுவில் வெளிர்மஞ்சள். 7 முதல் 14 நாளில் ஆறிவிடும். கீரை சாப்பிடுங்கள், தவறில்லை. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். சுண்ணாம்பு மட்டும் தடவாதீர்கள், வெந்துபோகும்.

புற்றுநோய்ப் புண்ணோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. 2 வாரம் தாண்டியும் ஆறாத புண், கெட்டியான விளிம்பு, அழியாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு என்றால் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கூரான பல் உரசுவதாக இருந்தால் ராவிவிடுவார். சந்தேகமென்றால் சதை எடுத்துச் சோதிப்பார். வெற்றிலை போடும் ஆச்சிமார், பாக்கை அடக்கும் கன்னத்தை உள்ளே விரலால் தடவிப் பார்க்கட்டும். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் தரும்.