க்யூபி ஓடுறான்னு மட்டும் சொல்லி தள்ளி வைக்காதீங்க

ஏப்ரல்ல அமெரிக்க ஃபுட்பால் ட்ராஃப்ட், அதாவது டீமுங்க வரிசையா முறை வச்சு காலேஜ் பசங்கள எடுக்கறது, வருதுன்னாலே எங்க ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல வருஷா வருஷம் ஒரே பஞ்சாயத்துதான். "இவன் ஓடுற க்யூபிப்பா, ரெண்டே வருஷத்துல முட்டி போயிரும், பேசாம பாக்கெட்ல நின்னு வீசுறவனா பாத்து எடுக்கணும்"னு ஒருத்தர் ஆரம்பிப்பாரு, மத்தவங்க மண்டைய ஆட்டுவாங்க. நானும் பல வருஷம் ஆட்டினவன்தான். இருக்கறது வர்ஜீனியா, டீம் வாஷிங்டன், 2012ல சூடு பட்ட பூனை, வேற எப்படி யோசிப்பேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: க்யூபின்னா குவாட்டர்பேக், பந்த வாங்கி வீசுறவன், மொத்த ஆட்டமும் அவன் கைல. அவனுக்கு முன்னாடி அஞ்சு தடியனுங்க நின்னு காப்பாத்துவாங்க, அந்த காவலுக்குள்ள இருக்கற இடம்தான் பாக்கெட். அதத் தாண்டி வந்து அவன கீழ தள்ளிட்டா அது சாக்.

அந்த 2012 ட்ராஃப்ட்ல ராபர்ட் கிரிஃபின எடுக்க ஆறாவது இடத்துலேருந்து ரெண்டாவது இடத்துக்கு போகணும்னு எங்காளுங்க செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு மூணு வருஷத்து முதல் ரவுண்ட் பிக்கையும் (பிக்னா ஆள் எடுக்கற முறை) ஒரு ரெண்டாவது ரவுண்ட் பிக்கையும் தூக்கிக் குடுத்தாங்க. காலேஜ்லயே 2009ல முட்டில ஏசிஎல்ங்கற தசைநார் கிழிஞ்ச பையன். முதல் சீசன்லயே 815 யார்டு ஓடி, சிறந்த புதுமுகத்துக்கான ரூக்கி அவார்டு வாங்கினான், ஊரே ஆடுச்சு. ஆனா அக்டோபர்ல அட்லாண்டா மேட்ச்ல ஸ்லைடு பண்ண (அடி விழறதுக்கு முன்னாடி தானே சறுக்கி உக்கார்றது) லேட்டாகி தலைல அடி, டிசம்பர்ல பால்டிமோர் மேட்ச்ல முட்டில அடி. ஜனவரி 2013ல சியாட்டில் கூட ப்ளேஆஃப், முதல் பாதிலயே நொண்டுறான், டிவில பாக்கற எனக்கே தெரியுது, ஆனா யாரும் வெளிய கூப்பிடல. கடைசில நாலாவது க்வார்ட்டர்ல ஸ்னாப், அதாவது அவன் கைக்கு பின்னாடி தள்ளி விடற பந்து, தாழ்வா வந்துச்சு, எடுக்க குனிஞ்சான், முட்டி மடங்கிருச்சு. அந்த நேரத்துல அவன யாரும் தொடக்கூட இல்ல! அதே ட்ராஃப்ட்ல நாலாவது ரவுண்ட்ல எடுத்த இன்னொரு க்யூபி கர்க் கசின்ஸ் பெஞ்ச்ல உக்காந்திருந்தான். இத எல்லாரும் "ஓடினான், போனான்"னு கணக்கு எழுதிட்டாங்க. எனக்கு அது ஓடினதால வந்த வினையா தெரியல, உக்கார வைக்காததால வந்த வினை.

சரி, நின்னு வீசுறவங்க கதைக்கு வருவோம். அதே லாண்டோவர்ல இருக்கற எங்க டீம் கிரவுண்ட்ல 2018 நவம்பர் 18ல எங்க க்யூபி அலெக்ஸ் ஸ்மித் கால் முறிஞ்சது ஒரு சாக்ல. பதினேழு ஆபரேஷன், கால் போயிரும்னு பயந்த நிலைமை. சரியா 33 வருஷம் முன்னாடி அதே தேதில எங்க பழைய க்யூபி ஜோ தைஸ்மன் கால் முறிஞ்சதும் சாக்லதான், ரெண்டு மேட்ச் ஸ்கோரும் 23-21, கேட்டா நம்ப மாட்டீங்க. 2020ல முதல் பிக்கா வந்த சின்சினாட்டி க்யூபி ஜோ பர்ரோவும் அதே லாண்டோவர்லதான், பாக்கெட்ல நின்னு வீசிட்டிருக்கும்போது முட்டிய குடுத்தான். அடுத்த சீசன் திரும்பி வந்து 51 சாக், ப்ளேஆஃப்ல டென்னஸி கூட ஒரே மேட்ச்ல ஒம்போது! நின்னா சேஃப்னு எவன் சொன்னான்?

யோசிச்சுப் பாருங்க, ஓடும்போது அவன் முன்னாடி பாக்கறான், அடி எங்கேருந்து வருதுன்னு தெரியுது, ஸ்லைடு பண்ணலாம், கோட்டுக்கு வெளிய போயிரலாம். பாக்கெட்ல கண்ணு தூரத்துல இருக்கு, காலு தரையில ஊனியிருக்கு, 130 கிலோ ஆளு முட்டி மேல வந்து விழறான், பின்னாடிலேருந்து வந்தா அதுவும் தெரியாது.

பக்கத்து ஊரு பால்டிமோர்ல லமார் ஜாக்சன். 2018 முதல் ரவுண்ட்ல கடைசி ஆளா, 32வதா எடுத்தாங்க, சிலர் இவன் வீச வேணாம், பந்தப் புடிக்கற ரிசீவரா போகட்டும்னாங்க. 2019ல 1,206 யார்டு ஓடி எம்விபி, அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரன். அவன் டிசம்பர் மாசங்கள்ல ஆடாம வெளிய உக்காந்தது எதுனால? 2021ல வீசும்போது பட்ட கணுக்கால் அடி, 2022ல சாக்ல போன முட்டி. ஓடும்போது அவன நேருக்கு நேரா முழுசா அடிக்கறதே அபூர்வம், வழுக்கிட்டு போயிருவான்.

அதனால நான் இப்பல்லாம் காலேஜ் வீடியோ பாத்தா ஸ்கோர் பண்ற டச் டவுன ஓட்டி விட்டுடறேன். ப்ளே சொதப்பினதுக்கப்புறம் அவன் என்ன பண்றான்னு மட்டும் பாப்பேன். பந்த வெளிய வீசிடறானா, இல்ல இன்னும் ஒரு செகண்ட் இன்னும் ஒரு செகண்ட்னு புடிச்சிட்டே நிக்கறானா? ஸ்லைடு முன்கூட்டியே வருதா, இல்ல ரெண்டு யார்டுக்கு ஆசப்பட்டு தடுக்க வர்ற லைன்பேக்கர் தோள்ல போய் முட்டறானா? பந்த புடிச்சிட்டு நிக்கற பழக்கம் காலேஜோட போறதில்ல, கூடவே வரும். சிகாகோ க்யூபி கேலப் வில்லியம்ஸ் அப்படித்தான் வந்தான், 2024ல 68 சாக். ஆனா ஒரு மேட்ச் கூட மிஸ் பண்ணல, என் தியரிக்கு அங்க ஒரு ஆப்பு, ஒத்துக்கறேன். உடம்பு வாகு, அதிர்ஷ்டம் எல்லாம் இருக்குதானே.

இன்னொன்னு, இத யாரும் ரிப்போர்ட்ல எழுத மாட்டாங்க: அவன எடுக்கப் போற கோச் எப்படிப்பட்டவரு? க்யூபி டுவாவுக்கு 2019ல அலபாமா காலேஜ் டீம்ல ஆடும்போது இடுப்பு நழுவினப்போ ஸ்கோர் 35-7, ஏற்கனவே ஜெயிச்ச மேட்ச், அப்பவும் கோச் உள்ளயே விட்டிருந்தாரு. எங்க ஜேடன் டேனியல்ஸ், 2024ல மறுபடியும் அதே ரெண்டாவது பிக், மறுபடியும் ரூக்கி அவார்டு. 2025 நவம்பர்ல மறுபடியும் லாண்டோவர், மறுபடியும் சியாட்டில், நாலாவது க்வார்ட்டர், 38-7ன்னு தோத்துட்டிருக்கோம், இன்னும் உள்ளயே நிக்கறான். கீழ விழும்போது இடது கைய ஊனினான், முழங்கை நழுவிருச்சு. நான் டிவிய ஆஃப் பண்ணிட்டு போய் பாத்திரம் கழுவினேன்.

மறுநாள் லஞ்ச் டேபிள்ல நம்மாளு, "நான் அப்பவே சொல்லல, ஓடுறவன எடுக்காதீங்கன்னு"ன்னாரு. சாப்பாட்டு டப்பாவ மூடிட்டு எழுந்து வந்துட்டேன், அவருக்கு சொல்ல வேண்டியதுதான் இவ்வளவும்.