ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும்

ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால் போதும், வீட்டில் ஆளாளுக்கு எலக்ட்ரீஷியன் ஆகிவிடுகிறார்கள். சித்தப்பா "காயில் போச்சு" என்றார். மாமா "பேரிங்தான்" என்று அடித்துச் சொன்னார். மச்சான் பேசவே இல்லை, நேராக ஸ்க்ரூடிரைவரோடு நாற்காலி மேல் ஏறிவிட்டான். மெயினை அணைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை! ஓடிப்போய் அணைத்தது நான்தான்.

கழற்றியது 5 ஸ்க்ரூ, திரும்ப மாட்டியது 4. கேட்டால், "அது எக்ஸ்ட்ரா" என்கிறான். அப்புறம் ஃபேன் சுற்றவே இல்லை.

கடைசியில் நிஜ எலக்ட்ரீஷியன் வந்தார். வலுவிழந்த 2.5 மைக்ரோஃபேரட் கண்டென்சரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார், மச்சான் பிடுங்கிவைத்த ஒயரையும் சேர்த்துவிட்டார். பத்து நிமிஷ வேலை. அவர் படி இறங்கியதும் சித்தப்பா சொல்கிறார்: "கண்டென்சர்தான்னு நான் அப்பவே சொன்னேனே!"