ராச்செட்டைக் கண்ணாடி ஆக்காதீர்கள்

பழைய டூல்களைப் புதுப்பிக்கிற வீடியோக்கள் இப்போது எங்கே திரும்பினாலும் வருகின்றன. துருவேறிய ராச்செட் ஒன்று, அதாவது நட்டு போல்ட்டை முடுக்கவும் கழற்றவும் 'டிக் டிக்' என்று முன்னும் பின்னும் ஆட்டுகிற கைப்பிடி, மேசைக்கு வரும். மணல் அடிப்பார்கள், உப்புத்தாள் போடுவார்கள், பஃபிங் சக்கரத்தில் காட்டுவார்கள். கடைசியில் முகம் பார்த்துத் தலை சீவுகிற அளவுக்கு மினுங்கும். கீழே ஆயிரம் பேர் கைதட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும். பழைய ராச்செட்டுக்குச் செய்ய வேண்டிய வேலை எல்லாம் அதன் தலைக்குள்ளே இருக்கிறது. வெளியே செய்கிற வேலையில் முக்கால்வாசி அதைக் கெடுக்கிற வேலை.

உள்ளே இருப்பதும் அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. நடுவில் ஒரு பல்சக்கரம், அதோடு சேர்ந்தே சாக்கெட் (நட்டின் மேல் கவிழ்கிற குழல்) மாட்டுகிற சதுர முனை. பல்லைப் பிடிக்க ஒரு நாக்கு. அந்த நாக்கைப் பல்லோடு அழுத்தி வைக்க ஒரு ஸ்பிரிங்கும் ஒரு குட்டிக் குண்டும். திசை மாற்ற ஒரு லீவர். அவ்வளவுதான். ஒரு பக்கம் இழுத்தால் நாக்கு பல்லைப் பிடிக்கும், மறுபக்கம் வந்தால் பல் மேல் ஏறி இறங்கும். 36 பல் இருந்தால் கைப்பிடியை 10 டிகிரி நகர்த்தினாலே அடுத்த பல்லுக்குப் போய்விடலாம். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். எஞ்சின் சந்துக்குள் கையை விட்டு வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த 5 டிகிரியின் அருமை தெரியும். ஆனால் அதே அளவு தலைக்குள் பல் கூடக் கூட ஒவ்வொரு பல்லும் சின்னதாகும். நாக்கிலும் நிறையப் பல் வைத்து இப்போது அதை ஈடு கட்டுகிறார்கள் என்றாலும், பெரும்பல் ராச்செட்டை விட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிற பழைய மெக்கானிக்குகள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'ஸ்லிப் ஆகுது, பல்லு போயிடுச்சு' என்று சொல்லிக் காயலான் கடைக்குப் போகிற ராச்செட்டுகளில் பலதுக்குப் பல் போயிருக்காது. யாரோ எப்போதோ வீல் பேரிங்குக்கு வைக்கிற கெட்டி கிரீஸை உள்ளே அப்பியிருப்பார்கள். அது வருஷக்கணக்கில் தூசியோடு சேர்ந்து பழுப்பு மெழுகாகி, நாக்கு நகர்கிற இடத்தை அடைத்துவிடும். ஸ்பிரிங் தள்ளினாலும் நாக்கு மெதுவாகத்தான் வரும். பாதிப் பல்லில் நுனியோடு நுனி நிற்கும். அந்த நேரம் பார்த்து நாம் முழு பலத்தோடு இழுத்தால் வழுக்கும், விரல் முட்டி போய் ரேடியேட்டரில் இடிக்கும். இப்படி வழுக்கி வழுக்கித்தான் பல்லின் முனை மழுங்குகிறது. அதனால் முதலில் திறந்து பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் பல்லின் ஓரம் கூராக இருக்கிறதா, உருண்டிருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியும். கூராக இருந்தால் குற்றவாளி கிரீஸ்தான்.

திறப்பதில் அவசரம் ஆகாது. மூடித்தகட்டை இரண்டு சின்ன ஸ்க்ரூ பிடித்திருக்கும், சிலவற்றில் சர்க்கிளிப் என்கிற வளையக் கிளிப் இருக்கும். ஸ்க்ரூ காடியை முழுதாக நிரப்புகிற அளவு டிரைவர் இல்லாவிட்டால் தொடவே தொடாதீர்கள். துரு விடுகிற எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். தலை வழுக்கிப்போன ஸ்க்ரூவைத் துளைத்து எடுக்கிற வேலை இருக்கிறதே, அது எதிரிக்கும் வேண்டாம். அப்புறம், மூடியைத் தூக்கும்போது ராச்செட் தலையை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குட்டிக் குண்டு ஸ்பிரிங்கோடு சேர்ந்து பாயும். தரையில் விழுந்தால் கண்ணில் படாது, நேரே பீரோவுக்கு அடியில் போய்க் குடியேறும். எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கழுவ மண்ணெண்ணெய் போதும், கிடைக்கவில்லை என்றால் டீசல். பழைய டூத்பிரஷ், ஒரு மூங்கில் குச்சி. வினிகரில் ஊறப்போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்பிரிங்கை மட்டும் அதில் போடாதீர்கள். கடினப்படுத்திய இரும்பு அமிலத்தில் கிடந்தால் ஹைட்ரஜனை உள்வாங்கி நொறுங்குகிற குணத்துக்கு வந்துவிடும். வெல்டிங் டார்ச் நெருப்பைக் காட்டித் துருவை எரிக்கிற வேலையும் வேண்டாம், பல்லின் கடினமே போய்விடும். தண்ணீரில் போட்டு மின்சாரம் விட்டுத் துரு எடுக்கிறவர்கள், மறுமுனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியைத் தொங்கவிடாதீர்கள். அதிலிருந்து தண்ணீரில் இறங்குகிற குரோமியம் சேர்மம் புற்றுநோய் வகையறா. சாதாரண இரும்புக் கம்பி போதும்.

திரும்பப் பூட்டும்போது மெல்லிய எண்ணெய்தான், அதுவும் மேலாக. தையல் மெஷின் எண்ணெயே தாராளம். கைக்குக் கிடைக்கிறது என்று தேங்காய் எண்ணெயை விடாதீர்கள். மார்கழியில் உறைந்துபோய், திருப்பள்ளியெழுச்சி பாடினால்தான் நாக்கு எழுந்து வரும்.

இப்போது என் கையில் இருப்பதைப் பற்றிக் கொஞ்சம். பெரியப்பா மகன் அமெரிக்காவில் ஒரு வீட்டு வாசல் விற்பனையில் வாங்கி அனுப்பிய பழைய கிராஃப்ட்ஸ்மேன் ராச்செட், அரை இன்ச் சதுர முனை. அமெரிக்காவின் பெரிய கடை நிறுவனமான சியர்ஸ் தன் சொந்த பிராண்டாக விற்ற டூல். தலையின் முதுகில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உள்ளே ஒரு தண்டு நகர்ந்து, சதுர முனையில் சாக்கெட்டைப் பிடித்திருக்கிற குண்டு உள்வாங்கும், சாக்கெட் தானாகக் கையில் விழும். கிரீஸ் கையோடு சாக்கெட்டைப் பிடுங்கிப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தவர் பீட்டர் ராபர்ட்ஸ். மாசசூசெட்ஸில் சியர்ஸ் கடையிலேயே வேலை பார்த்த 18 வயதுப் பையன். 1964-இல் பேட்டன்டுக்கு விண்ணப்பித்தார், 1965-இல் கிடைத்தது. இதற்குப் பெரிய மதிப்பு இல்லை என்கிற தோரணையில் பேசி, மொத்தமே 10,000 டாலருக்கு மேல் போகாதபடி சியர்ஸ் உரிமையை வாங்கிக்கொண்டது. பிறகு அந்த ராச்செட் ஒரு கோடிக்கு மேல் விற்றது. ராபர்ட்ஸ் 1969-இல் வழக்குப் போட்டார். ஜூரி 10 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, மேல்முறையீடு, மறுபடி விசாரணை என்று இழுத்து, 1989-இல்தான் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தார்கள். பையனாகக் கண்டுபிடித்தவர் நாற்பதைத் தாண்டிவிட்டார். இவ்வளவு சங்கதியும் அந்த ராச்செட் தலையில் பொடி எழுத்தில் ஒரு பேட்டன்ட் எண்ணாக நிற்கிறது. பஃபிங் சக்கரத்தில் அரை நிமிடம் காட்டினால் அது மழுங்கிப்போகும். கைப்பிடியில் முன்னாள் சொந்தக்காரர் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகளும் இருக்கின்றன. பட்டறையில் டூல் கைமாறிப் போகாமல் இருக்க அவர் போட்ட அடையாளம். அதை நான் ஏன் அழிக்க வேண்டும்?

பளபளப்புக்கு எதிராக இன்னொரு காரணம், இது வெறும் சென்டிமென்ட் இல்லை. டூல் மேல் இருக்கிற குரோம் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. அதன் அடியில் நிக்கல், அதற்கும் அடியில் இரும்பு. உப்புத்தாளை இரண்டு தரம் இழுத்தால் குரோம் காலி, கொஞ்சம் அழுத்தினால் நிக்கலும் காலி. வீடியோ எடுக்கிற அன்றைக்கு வெறும் இரும்பும் நன்றாகத்தான் மினுங்கும். சென்னைக் கடற்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்குமா? குரோம் மேல் புள்ளி புள்ளியாக இருக்கிற துருவுக்கு, சாப்பாடு மடித்துத் தருகிற அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். துரு கழன்று வரும், குரோம் அப்படியே இருக்கும். பூச்சு ஏற்கனவே உரிந்த இடத்தில் எண்ணெய் துடைத்து விட்டுவிடுங்கள். கையைக் கிழிக்கிற பிசிறு இருந்தால் மட்டும் அந்த இடத்தை எண்ணெய்க் கல்லில் தேய்க்கலாம்.

சரி செய்த ராச்செட்டை மறுபடி கொல்கிற வழக்கம் ஒன்று நம் பட்டறைகளில் உண்டு. இறுகிப்போன வீல் நட்டைக் கழற்ற ராச்செட் கைப்பிடியில் நீளமாகக் குழாயைச் சொருகி ஆள் ஏறி நிற்பது. மொத்தச் சுமையும் நாக்கு பிடித்திருக்கிற அந்தக் கொஞ்சம் பல்லில் போய் இறங்கும். முதல் இளக்கத்துக்கு ராச்செட் இல்லாத நீளக் கைப்பிடி, அதன் பிறகுதான் ராச்செட். இதைச் சொன்னால் 'அவ்ளோ நேரம் யாருக்கு சார் இருக்கு' என்பார்கள்.

பழசு வாங்கப் போகிறவர்கள் மினுமினுப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். ஸ்க்ரூ தலை ஒழுங்காக இருக்கிறதா, எழுத்து கூராக இருக்கிறதா என்று பாருங்கள். லீவரை இரண்டு பக்கமும் மாற்றி, சதுர முனையை விரலால் சுற்றிக் கேளுங்கள். சத்தம் மந்தமாக இருந்தால் பரவாயில்லை, அது கிரீஸ். ஒழுங்காக வருகிற 'டிக் டிக்' நடுவில் ஓரிடத்தில் தாண்டிப் போனால் அங்கே பல் இல்லை என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி போல மினுக்கி வைத்துவிட்டுக் கழற்ற மாட்டேன் என்கிறவரிடம் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.