கமலா ஹாரிஸ் வேட்பாளரானது சட்ட மீறலா?

பாளையங்கோட்டை டீக்கடையில் அண்ணாச்சி ஒருவர் போனை நீட்டினார். "அமெரிக்க அரசியல் சாசனப்படி மக்கள் ஓட்டுப்போட்டுத்தான் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், 2024இல் கமலா ஹாரிஸை நிறுத்தியது சட்ட மீறல்" என்று ஒரு ஃபார்வர்டு.

தவறு. கட்சிகள் வேட்பாளரை எப்படித் தேர்வு செய்வது என்று அந்தச் சாசனத்தில் ஒரு வரிகூட இல்லை. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் முழுதும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

கட்சி விதிகளும் மாநிலச் சட்டங்களும்தான் வழி. மாநிலம்தோறும் பிரைமரி (வேட்பாளரைத் தேர்வு செய்யும் முதற்கட்ட வாக்குப்பதிவு) அல்லது காகஸ் (கட்சிக்காரர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டம்) நடக்கும். காகஸ் நடக்கும் அயோவா மாநிலத்தில் குடியரசுக் கட்சிக்காரர்கள் பள்ளிக்கூடத்திலோ சர்ச்சிலோ கூடி, துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் போடுவார்கள். நம் குடவோலை மாதிரிதான், ஆனால் குலுக்கல் கிடையாது! இந்த ஓட்டுகளை வைத்து, கட்சி மாநாட்டில் ஓட்டுப்போடும் பிரதிநிதிகள் போட்டியாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு யாருக்கோ, அவரே வேட்பாளர்.

ஜனநாயகக் கட்சியின் பிரைமரிகளில் வென்றிருந்த அன்றைய அதிபர் பைடன் 2024 ஜூலை 21இல் போட்டியிலிருந்து விலகினார். ஆகஸ்டில் பிரதிநிதிகள் இணையவழியில் ஓட்டுப்போட்டு கமலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1968இலும் இதே கட்சியின் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி பிரைமரிகளில் போட்டியிடாமலே வேட்பாளரானவர். இது நல்ல முறையா என்று வாதாடலாம். சட்ட மீறல் என்பது வேறு பேச்சு.

இந்த ஃபார்வர்டு வந்தால் உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அண்ணாச்சி அங்கேயே அழித்துவிட்டார்.