பாட்டில் நின்றது

(மேசைமேல் ஆறு பழைய சிவப்பு ஒயின் பாட்டில். முரளி விளம்பரம் எழுதுகிறான். ஏலத்துக்கு வரும் பாட்டில்களைச் சோதித்துப் பழகிய கலா, ஒரு பாட்டிலுக்குப் பின்னால் டார்ச் பிடித்துப் பார்க்கிறாள்.)

முரளி: கேளுங்கக்கா. "20 வருடம் பொக்கிஷமாகப் பாதுகாத்த ஒயின். முந்துங்கள்!"

கலா: எங்கடா பாதுகாத்தே?

முரளி: பரண்ல.

கலா: அடுப்புக்கு மேல இருக்கே, அந்தப் பரணா?

முரளி: கதகதப்பா இருக்கட்டுமேன்னுதான்.

கலா: 12லேர்ந்து 14 டிகிரிதான் அதுக்குச் சொர்க்கம். சூடு ஏறினா ஒயின் விரியும், கார்க்கைத் தள்ளும், ஓரமா கசியும். ஆறினா சுருங்கி, அதே வழியா காத்தை உள்ள இழுக்கும். 20 வருஷமா உன் பாட்டில் மூச்சுப் பயிற்சி பண்ணியிருக்கு.

முரளி: அதான் இந்தக் கார்க் தலையைத் தூக்கிக்கிட்டு நிக்குதா?

கலா: யாருடா என்னை விக்கிறதுன்னு எட்டிப் பாக்குது. படுக்க வெச்சிருந்தா கார்க் ஈரமா, இறுக்கமா இருந்திருக்கும். நிக்க வெச்சே காய விட்டுட்டே. மட்டத்தைப் பாரு. 20 வயசுக்குக் கழுத்தடி வரைக்கும் ஒயின் இருந்தா கௌரவம். ரெண்டு பாட்டில் அப்படி இருக்கு. மீதி நாலும் தோளோட நடுவுக்கு இறங்கிடுச்சு. போன ஒயினோட இடத்துல காத்துதான் உக்காந்திருக்கு.

முரளி: போட்டோவை லேபிள் வரைக்கும் எடுத்துட்டா?

கலா: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை. பின்னால வெளிச்சம் வெச்சு, மட்டம் தெரியற மாதிரி, ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனியா எடு.

முரளி: சரி, கொஞ்சம் புது ஒயின் ஊத்தி நிரப்பிட்டா?

கலா: ஆஸ்திரேலியாவுல பென்ஃபோல்ட்ஸ் கம்பெனி 1991லேர்ந்து அதைச் செய்யுது. அவங்களோட சொந்த ஒயினுக்கு மட்டும், அதுவும் 15 வருஷம் தாண்டியிருக்கணும். திறந்து, ருசி பாத்து, தேறினா நிரப்பிப் புதுக் கார்க் போட்டுச் சான்று ஒட்டுவாங்க. தேறலைன்னா சான்று கிடையாது. அது சிகிச்சை. நீ புனலை எடுத்தா அது மோசடி.

முரளி: கெட்டிருக்குன்னு எனக்குத் தெரியாதேக்கா! தெரியாததைச் சொல்லாம விட்டா அது பொய்யா?

கலா: ஒயின் கெட்டிருக்கான்னு உனக்குத் தெரியாது. பரண் தெரியுமில்ல?

முரளி: (சற்று யோசித்து) வாங்கறவரும் திறக்கமாட்டார்க்கா. முதலீடு! இன்னொருத்தருக்கு வித்துடுவார்.

கலா: அவர் இன்னொருத்தருக்கு. கடைசியில யாரோ ஒருத்தன் கல்யாண நாளுக்குத் திறப்பான், மாமனார் முன்னாடி. 1985ல லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துல, 1787னு பொறிச்ச லஃபீட்ங்கற பிரெஞ்சு ஒயின் பாட்டிலை, பத்திரிகை நடத்தற ஃபோர்ப்ஸ் குடும்பம் 1,05,000 பவுண்டுக்கு எடுத்தது. காட்சிக்கு வெச்ச இடத்துல விளக்குச் சூட்டுல கார்க் சுருங்கி உள்ள விழுந்துடுச்சு. அந்தப் பாட்டில் அசல்தானான்னே பின்னாடி சந்தேகம் வந்துது.

முரளி: விளக்குச் சூட்டுக்கேவா? அப்ப அடுப்பு...

கலா: ஒண்ணைத் திறப்போம். திருகு போட்டா இந்தக் கார்க் தூளாயிடும். ரெண்டு தகடு வெச்ச திறப்பானை ஓரத்துல மெதுவா இறக்கி, திருப்பிக்கிட்டே இழுக்கணும். டேய், ஆட்டாதே! அடியில இருக்கறது வண்டல். அது குத்தமில்ல; ஒருநாள் நிக்க வெச்சு மெதுவா வடிச்சா போதும்.

(திறக்கிறாள். கோப்பையில் ஊற்றி வெள்ளைத் தாள்மேல் சாய்த்துப் பார்க்கிறாள்.)

கலா: ஓரத்துல செங்கல் நிறம் வந்தா வயசு. இது நடு வரைக்கும் பழுப்பு. மோந்து பாரு.

முரளி: அடிபட்ட ஆப்பிள்... அப்புறம் நெயில் பாலிஷ் ரிமூவர்.

கலா: ஆப்பிள் வாசம் காத்து பண்ணின வேலை. ரிமூவர் வாசம், காத்து கிடைச்ச பாக்டீரியா வினிகர் போடக் கிளம்பினதுக்கு அடையாளம். நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் வந்திருந்தா அது கார்க் நோய். டி.சி.ஏ.னு ஒரு பொருள், லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடிச்சுடும். அதுக்கு மட்டும் உன் மேல பழி இல்ல. எவ்வளவு ஒழுங்கா வெச்சாலும் வரும், வெளியேர்ந்து தெரியாது.

முரளி: இதைக் குடிச்சா ஆளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

கலா: ஆகாது. முகம்தான் கோணும்.

முரளி: மத்த அஞ்சும் நல்லா இருக்கலாமே! ஒவ்வொரு கார்க்கும் ஒவ்வொரு மாதிரின்னு நீங்களே சொல்லுவீங்களே.

கலா: கார்க் வேற வேற. பரண் ஒண்ணுதான். இனிமே "தெரியாது"ன்னு சொல்லவும் முடியாது, மோந்துட்டே.

முரளி: திறக்காமலே இருந்திருந்தா மனசாட்சி நிம்மதியா தூங்கியிருக்கும்.

கலா: எழுது. எங்க வெச்சே, எத்தனை வருஷம், ஒவ்வொரு பாட்டில் மட்டம், கசிவு, திறந்த பாட்டில் எப்படி இருந்துது, எல்லாம். விலையை அதுக்கேத்த மாதிரி போடு. குடிக்கறதுக்குன்னு இல்ல, லேபிள் சேகரிக்கறவங்களுக்குன்னு போடு. அதுக்கு முன்னாடி உரிமம் இல்லாம விக்கலாமான்னு விசாரி. நிறைய நாட்டுல தனி ஆள் மது விக்கறதே குத்தம்.

முரளி: (எழுதியபடி) எல்லாம் சரிக்கா. "படுக்கையில் வைத்துப் பாதுகாத்தது"ன்னு ஒரே ஒரு வரி மட்டும்...

கலா: 20 வருஷமா படுத்துக் கிடந்தது யாரு?

முரளி: (தயங்கி) நான்.

கலா: அதையே எழுது. "பாட்டில் நின்றது. உரிமையாளர் படுத்திருந்தார்."