ரிவ்யூவில் பதில் சொல்வது யார்?

ஏஐ எழுதிய நிரலுக்கு லேபிள் வேண்டுமா வேண்டாமா என்று ஊரே அடித்துக்கொள்கிறது. என் கவலை அதுவல்ல, ரிவ்யூவில், அதாவது நிரலைச் சேர்க்கும் முன் சக டெவலப்பர் படித்துக் கேள்வி கேட்கும் இடத்தில், அந்தக் கமென்ட்டுக்குக் கீழே வரும் பதில்தான். நிரல் எங்கிருந்து வந்தாலும் படிக்கலாம், டெஸ்ட் ஓட்டலாம். "இந்த லாக்கை ஏன் லூப்புக்கு வெளியே எடுத்தீர்கள்?" என்று கேட்டால் வருகிற பதிலை ஓட்டிப் பார்க்க வழியில்லை. எழுதியவர் யோசித்துத்தான் சொல்கிறார் என்று நம்பி எடுத்துக்கொள்கிறோம். அந்த நாற்காலியில் ஏஜென்ட் (தானாகவே வேலை செய்யும் ஏஐ) உட்கார்ந்திருக்க, மேலே மனிதரின் பெயரும் படமும் தெரிந்தால் ரிவ்யூ செய்பவர் ஏமாற்றப்படுகிறார். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பெரும்பாலும் யாரும் திட்டமிட்டு ஏமாற்றுவதில்லை. எல்லாம் டோக்கன், அதாவது யார் கணக்கில் நுழைகிறோம் என்று சர்வருக்குச் சொல்லும் சாவி, செய்கிற வேலை. நிரலை வைத்து ரிவ்யூ செய்யும் தளமான கிட்ஹப்பில் ஒரு ஆப் தன் சொந்த டோக்கனில் கமென்ட் போட்டால் பெயருக்குப் பக்கத்தில் 'பாட்' என்று தானாகவே வரும். லைப்ரரிகளைப் புதுப்பிக்கும் டிபென்டபாட்டை எல்லோரும் அப்படித்தான் அடையாளம் காண்கிறோம். ஆனால் லேப்டாப் டெர்மினலில் ஓடும் ஏஜென்ட், ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் கிட்ஹப் கட்டளைக் கருவியை எடுத்து அப்படியே கமென்ட் போடுகிறது. சர்வருக்குத் தெரிவது அந்த டெவலப்பர் மட்டுமே. ஏபிஐயில் கேட்டாலும் 'யூசர்' என்றுதான் வரும். உங்கள் கணக்கிலிருந்து எடுத்த பெர்சனல் ஆக்சஸ் டோக்கன் கொடுத்தாலும் இதே கதைதான்.

ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது கணக்கை. ரெப்போவுக்கு (நிரல் இருக்கும் களஞ்சியம்) ஒரு கிட்ஹப் ஆப் உருவாக்கி, புல் ரிக்வெஸ்ட்டுக்கு (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) மட்டும் எழுதும் அனுமதி, நிரலுக்குப் படிக்கும் அனுமதி கொடுங்கள். அந்த ஆப்பின் இன்ஸ்டலேஷன் டோக்கன் 1 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும், அதனால் புதுப்பிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வேண்டும். டோக்கனை என்விரான்மென்ட் வேரியபிளாக ஏஜென்ட்டுக்குக் கொடுத்தால், கருவி உங்கள் லாகினை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளும். பலர் வழுக்கி விழுவது இதற்கடுத்த படியில். டோக்கன் காலாவதியாகியிருந்தால் பிழை வரும், கவலையில்லை. ஸ்கிரிப்ட் தோற்று வேரியபிள் காலியாகவே இருந்துவிட்டால், கருவி சத்தமில்லாமல் உங்கள் பழைய லாகினுக்குத் திரும்பிவிடும். காலையில் பாட் பெயரில் வந்த பதில்கள் மாலையில் உங்கள் பெயரில் வரும். ஏஜென்ட்டை உங்கள் லாகினே இல்லாத, தனியாக அடைத்த சூழலான கன்டெய்னரில் ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

தனிக் கணக்கு வைத்தால் இன்னொரு ஓட்டையும் திறக்கும். தன் புல் ரிக்வெஸ்ட்டைத் தானே அப்ரூவ் செய்ய கிட்ஹப் விடாது. ஆனால் அதைத் திறந்தது பாட் கணக்கு என்றால், ஏஜென்ட்டை ஏவிவிட்ட அதே ஆள் அப்ரூவ் செய்துவிடலாம். இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்ற விதி அங்கேயே செத்துவிடுகிறது. தன் சொந்தக் கோபைலட் ஏஜென்ட்டுக்கு, ஏவிவிட்டவரின் அப்ரூவலைக் கணக்கில் சேர்க்காமல் கிட்ஹப் தடுத்திருக்கிறது. நாம் உருவாக்கும் ஆப்புக்கு அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க வேண்டாம். எனவே புல் ரிக்வெஸ்ட்டை மனிதர் தன் பெயரிலேயே திறக்கட்டும், பதில்கள் மட்டும் பாட் பெயரில் போகட்டும்.

இதற்குப் பிறகுதான் லேபிள் வாசகம். அதை முதல் வரியில் வைக்க வேண்டும், கடைசியில் அல்ல. பலர் ரிவ்யூ பதிலை மின்னஞ்சலிலோ போன் நோட்டிஃபிகேஷனிலோ முதல் இரண்டு வரி மட்டும் பார்க்கிறார்கள். "ஏஜென்ட் பதில், அனுப்புமுன் யாரும் படிக்கவில்லை" என்பது ஒரு நிலை. "ஏஜென்ட் எழுதியது, நான் சரிபார்த்தேன்" என்பது வேறு நிலை. இரண்டுக்கும் ஒரே ரோபோ இமோஜியைப் போடுவதில் பயனில்லை, ஏனென்றால் கேட்டவருக்குத் தெரிய வேண்டியதே இந்த வித்தியாசம்தான். நான்கு வரி பொறுப்புத்துறப்பும் வேண்டாம், மூன்றாவது நாளில் யார் கண்ணிலும் படாது.

"எனக்கு ஆங்கிலம் தகராறு, அதனால் ஏஐயிடம் கொடுத்து எழுதுகிறேன், அதற்கும் லேபிளா?" என்று நம்மவர்கள் பலர் கேட்பது நியாயம். வேண்டாம் என்பேன். யோசனை உங்களுடையது, வாக்கியம் மட்டும் இயந்திரம் திருத்தியது என்றால் அது உங்கள் பதில். அதே கேள்வியைப் போனில் கேட்டால் திரையைப் பார்க்காமல் தமிழிலேயே விளக்க முடியுமா? முடிந்தால் லேபிள் தேவையில்லை.

லேபிள் ஏன் அவசியம் என்பது ஏஜென்ட் பதில் சொல்லும் விதத்தைப் பார்த்தாலே புரியும். எதற்கும் ஆமாம் சாமி போடும். ரிவ்யூ செய்பவர் சந்தேகமாக ஒன்றைக் கேட்டால் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டு சரியாக இருந்த நிரலை மாற்றிவிடும். "அருமையான கவனிப்பு, சரிசெய்துவிட்டேன்" என்று சொல்லும், கமிட் இன்னும் புஷ் ஆகி சர்வருக்குப் போயிருக்காது. பதில் ஏஜென்ட்டுடையது என்று தெரிந்தால் மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பைத் திறந்து பார்ப்போம். சக ஊழியர் சொன்னதாக நினைத்தால் தலையாட்டிவிட்டுப் போவோம். அதனால்தான் உரையாடல் முடிந்தது என்று மூடும் 'ரிசால்வ்' பொத்தானை ஏஜென்ட் தொடவே கூடாது என்கிறேன். எல்லா உரையாடலும் ரிசால்வ் ஆனால்தான் மெர்ஜ் (நிரலில் சேர்ப்பது) என்று பூட்டு போட்டுவிட்டு, சாவியை அதனிடமே கொடுப்பானேன்?

இது புதுப் பிரச்சினையும் அல்ல. 'விடுமுறையில் இருக்கிறேன்' என்ற தானியங்கி மின்னஞ்சல்கள் ஒன்றுக்கொன்று பதில் போட்டுக்கொண்டே இருந்ததால்தான், 2004-இல் ஆர்எஃப்சி 3834 என்ற இணையத் தரநிலை ஆவணம் அவற்றின் ஹெடரில் 'ஆட்டோ-சப்மிட்டெட்' என்று குறிக்கச் சொன்னது. கெரிட் என்ற ரிவ்யூ கருவியில் 'ஆட்டோஜெனரேட்டட்' என்று தொடங்கும் டேக் போட்டால் அந்தக் கமென்ட்களைத் திரையில் வடிகட்டிவிடலாம். லினக்ஸ் கெர்னலில் ஏஜென்ட் பொறுப்பேற்கும் கையொப்பமான 'சைன்ட்-ஆஃப்-பை' போடக் கூடாது, உதவியது என்று காட்டும் 'அசிஸ்டெட்-பை' என்றுதான் போட வேண்டும்.

ரிவ்யூ பாட் ஒன்றும் பதில் ஏஜென்ட் ஒன்றும் ஒரே ரெப்போவில் இருந்தால் அந்த மின்னஞ்சல் சுழல் அப்படியே திரும்ப வரும். வொர்க்ஃப்ளோ எனும் தானியங்கி வேலைகளை ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் தரும் உள் டோக்கனில் போட்ட கமென்ட் இன்னொரு வொர்க்ஃப்ளோவைக் கிளப்பாது, ஆனால் ஆப் டோக்கனில் போட்டது கிளப்பும். வொர்க்ஃப்ளோவின் தொடக்கத்திலேயே, கமென்ட் போட்டவர் வகை 'பாட்' என்றால் நிறுத்து என்று ஒரு நிபந்தனை எழுதிவிடுங்கள். ஏஜென்ட் உங்கள் பெயரில் பேசிக்கொண்டிருந்தால் அந்த நிபந்தனையும் வேலை செய்யாது.